ரெண்டாயிரம் லிட்டர்

ஏப்ரல் வெயிலில் தின்கன்ஜூன் தெருவில் தார் பாகாய் உருகிக்கொண்டிருந்தபோது, வெந்நீர் ஹீட்டர் வேண்டுமென்று ஆள் அனுப்பியவர் குழந்தைவேலு ஒருவர்தான். அதை விற்றுப் பொருத்த வந்த சிவராஜுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"இந்த வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு ஐயா?"

"பச்சைத்தண்ணி பட்டா எனக்கு இருமல் தம்பி. போன வருஷம் நான் இருமின இருமல்ல சூலே பகோடா புத்தர் கோயில் புறா அத்தனையும் பறந்துபோச்சு."

"பறந்தது என் உயிரு. பத்து நாள் ஆஸ்பத்திரி," என்றார் மனைவி தைலம்மாள். "இந்தத் தடவை வெந்நீர் இல்லேன்னா இவர் வாசப்படி தாண்டக் கூடாது."

"வீட்டுல எத்தனை பேர்?"

"நாங்க ரெண்டு பேர்தான்."

"அப்ப பதினஞ்சு லிட்டர் போதும்."

"குறைஞ்சது ரெண்டாயிரம் லிட்டர் வேணும்," என்றார் குழந்தைவேலு.

சிவராஜ் குளியலறையை எட்டிப் பார்த்தான். ஒரு வாளி வைத்தால் ஆள் நிற்க இடமில்லை.

"குழாய் எங்கே வரணும்?"

"வெளி கேட்டுல, தெருவைப் பார்த்து."

"தெருவுலயா குளிப்பீங்க?"

"அடுத்த வாரம் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா தம்பி. தெருவே என் மேல ஐஸ் தண்ணி ஊத்தும். ஊத்துறவங்க இந்தக் குழாயில பிடிச்சு ஊத்தட்டும்."

இவ்வளவு பெரிய ஹீட்டரைச் சிவராஜ் இதுவரை விற்றதில்லை. விற்றால் நல்ல லாபம்தான். இருந்தாலும் மொட்டைமாடியில் இருந்த கறுப்புத் தொட்டியைக் காட்டினான்.

"இந்த வெயில்ல அந்தத் தண்ணி தானா சுடும். ஹீட்டர் வேணாம், ஒரு பைப் போதும். கரண்ட் போனாலும் கவலையில்ல."

"விக்க வந்தவரே வேணாங்குறார், நம்பலாம்," என்ற தைலம்மாள் உள்ளே போய்ப் பெரிய சொம்போடு வந்தார்.

"சீக்கிரம் மாட்டுங்க தம்பி. முதல் சொம்பு நான்தான் ஊத்துவேன்."