புரிந்தவர்கள் விரலைத் தூக்கவும்

கணிதத்தில் பொய்க்கு இடம் இல்லை.

மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணியில் கொட்டை எழுத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். துணி சுவரைவிட நீளமாகப் போய்விட்டதால் கடைசிச் சொல்லை மட்டும் உள்ளே மடித்துக் கட்டியிருந்தார்கள். சுவரை அளந்து சொன்னவர்களும் கணித ஆசிரியர்கள்தான்.

அதன் கீழே, கோடை விடுமுறையைப் பறிகொடுத்த நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

பூஜ்ஜியம் சார் முதல் வரிசையில், தேய்த்த சட்டை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பட்டப்பெயர் பிள்ளைகள் வைத்தது. புரியாமல் தலையாட்டுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பூஜ்ஜியம் போட்டு வெளியே நிறுத்திவிடுவார்.

இன்று பயிற்சியின் கடைசி நாள். பயிற்சி நடத்த வந்த கருத்தாளர் அம்மா, போவதற்கு முன் இந்தக் கூட்டத்திலிருந்து ஒருவரை அடுத்த ஆண்டுக் கருத்தாளராகப் பொறுக்கி எடுத்துவிட்டுப் போவார். அப்படி எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடம் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. சட்டையில் குத்திக்கொள்ளும் மைக்கும் உண்டு.

பூஜ்ஜியம் சார் இது கிடைத்த மாதிரிதான் என்று வீட்டில் வாயை விட்டிருந்தார். மனைவி அதைத் தங்கையிடம் சொல்ல, மச்சினி தன் பங்குக்கு ஊதிப் பெரிதாக்கி, அத்தான் இனிமேல் வாத்தியார்களுக்கே வாத்தியார் என்று காலையிலேயே போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டாள்.

இன்றைக்கு நீங்கள் ஆசிரியர்கள் இல்லை, குழந்தைகள் என்றார் கருத்தாளர் அம்மா. புரிந்தால் கட்டைவிரல் மேலே. அரைகுறை என்றால் படுக்கையாக. புரியவில்லை என்றால் கீழே. கூச்சமே வேண்டாம்.

பிறகு பலகையில் x² = 5x என்று எழுதினார். இரண்டு பக்கமும் ஒரு x-ஐ அடித்தார். x = 5 என்று எழுதி அடியில் அழுத்தமாக ஒரு கோடு போட்டார்.

பூஜ்ஜியம் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பூஜ்ஜியத்தைப் போட்டாலும் கணக்கு சரியாக வருமே. அதுவும் விடைதானே. x-ஐ அடித்த அடியில் அந்த அம்மா அதையும் சேர்த்து அடித்துவிட்டார்.

பக்கத்து நாற்காலியில் அவர் பள்ளியிலேயே வேலை பார்க்கும் சின்ன டீச்சர். அவளும் பார்த்துவிட்டாள். சார், தப்பாச்சே என்று காதைக் கடித்தாள்.

"தெரியும்மா. பதவி குடுக்கிற நேரத்துல பாடம் நடத்தச் சொல்றியா? பேசாம விரலைத் தூக்கு."

புரிந்ததா என்று கேட்டார் கருத்தாளர் அம்மா.

கூடம் முழுக்கக் கட்டைவிரல்கள் எழுந்தன. தூங்கிக்கொண்டிருந்த இருவருடையதும் எழுந்தன.

கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடக் கூடாதே என்று பூஜ்ஜியம் சார் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, இரண்டு கட்டைவிரல்களையும் நிமிர்த்தினார். அந்த அம்மா கண்ணில் படும்வரை இறக்குவதில்லை என்று முடிவு.

சின்ன டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. பெரியவர் பேச்சைத் தட்டவும் முடியவில்லை. விரலைப் படுக்கையாக நீட்டினாள்.

கருத்தாளர் அம்மா கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அந்த ஒற்றை விரலுக்கு முன்னால் நின்றார். என்ன சந்தேகம் என்று கேட்டார். சின்ன டீச்சர் விடுபட்ட பூஜ்ஜியத்தைச் சொன்னாள்.

அந்த அம்மா சிரித்தார். தப்பை வேண்டுமென்றேதான் போட்டாராம். இத்தனை பேரில் யார் வாயைத் திறக்கிறார்கள் என்று பார்க்கத்தானாம். அடுத்த ஆண்டுக் கருத்தாளர் இவர்தான் என்று தன் மைக்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டார்.

கைதட்டல் அடங்குவதற்குள் பூஜ்ஜியம் சார் துள்ளி எழுந்தார். நாற்காலி இடுப்போடு கூடவே எழுந்து, பிறகு விழுந்தது.

"எனக்கு முதல்லயே தெரியும் மேடம். இதே கணக்கை இப்படியே தப்பாப் போட்டுத்தான் நான் வருஷாவருஷம் பசங்களைப் பிடிக்கிறேன்."

கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

இரண்டு கட்டைவிரல்களும் இன்னும் மேலேயே இருந்தன.