மலிவு கேட்ரிட்ஜின் குறை

“இதுல என் மகன் ஆடின ஆட்டம் இருக்கு, தம்பி. இதுக்கு ஒரு வழி சொல்லு.”

பழைய வீடியோ கேம் கேட்ரிட்ஜை மேசைமேல் வைத்த பெரியவரை வெலிபோர் நிமிர்ந்து பார்த்தான். கறுப்புச் சட்டை, சவரம் காணாத முகம், குழி விழுந்த கண்கள். சாவு விழுந்த வீட்டுக்காரர் என்று கேட்காமலே தெரிந்தது.

நோவி சாத் நகரத்து ஞாயிற்றுச் சந்தையில் பழைய கேம் சாமான் விற்பவன் வெலிபோர். அவன் வாயைத் திறந்தால் தன்யூப் நதியே ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போகும். அப்பேர்ப்பட்ட வாய் பொசுக்கென்று மூடிக்கொண்டது.

மேசைக்கு அடியிலிருந்து ரக்கியா என்ற பழச்சாராய பாட்டிலை எடுத்து இரண்டு குட்டிக் கிளாஸில் ஊற்றினான். துக்கத்துக்குக் குடிக்கும் வழக்கப்படி, கிளாஸோடு கிளாஸ் மோதாமல் முதல் சொட்டைத் தரையில் விட்டான். “அந்த ஆத்மா சாந்தியடையட்டும், பெரியவரே.”

“அடையட்டும்.” பெரியவர் மியோத்ராக்கும் ஒரு சொட்டு விட்டுவிட்டு, மீதியை ஒரே மடக்கில் குடித்தார்.

பக்கத்துக் கடையில் சாக்ஸ் விற்கும் ஸ்லாவிட்சா எட்டிப் பார்த்தாள். “காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியாடா, குடிகாரா?” வெலிபோர் கண்ணாலேயே கறுப்புச் சட்டையைக் காட்டினான். அவள் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டு சாக்ஸ் குவியலுக்குப் பின்னால் மறைந்தாள்.

“தினமும் இந்த ஒரே கேமைத்தான் ஆடுறான்” என்றார் மியோத்ராக்.

‘ஆடுறான்’ என்றது வெலிபோரின் காதில் உறுத்தியது. பிள்ளையைப் புதைத்தவர் வாயில் இறந்தகாலம் அவ்வளவு சுலபமாக வந்துவிடுமா என்று தன்னையே அதட்டிக்கொண்டான்.

கேட்ரிட்ஜைத் திருப்பிப் பார்த்தான். “எது வரைக்கும் ஆடினோம்னு ஞாபகம் வெச்சுக்கிறது உள்ள இருக்கிற சின்ன பேட்டரிதான். அது செத்துச்சுன்னா, உங்க மகன் ஆடினதெல்லாம் போயிடும்.”

“எப்போ சாகும்?”

“யாருக்குத் தெரியும்? நாளைக்கே சாகலாம். கெட்டிப் பயலா இருந்தா இன்னும் பத்து வருஷம்கூட இழுக்கும்.”

“பத்து வருஷமா!” பெரியவரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பாவி மனுஷனுக்குப் பத்து வருஷம்கூடப் போதவில்லையே என்று வெலிபோர் நினைத்துக்கொண்டான்.

இரண்டு ஃபிளாஷ் கேட்ரிட்ஜ்களை எடுத்து வைத்தான். “ஒரு மெமரி கார்டைச் சொருகினா உலகத்துல உள்ள கேம் எல்லாம் இதுல ஓடும். இது விலை கூடினது. ஆட்டத்தை அதுவே பத்திரப்படுத்திடும். அடிச்சாலும் உதைச்சாலும் எதையும் மறக்காது, என் மாமியார் மாதிரி.”

பெரியவர் சிரிக்காமல் மற்றதைத் தொட்டார். “அப்போ இது?”

“அது மலிவு. கேம் எல்லாம் இதுலயும் ஓடும், படத்துல ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா மண்டையில மூளை கிடையாது. ஆடி முடிச்சதும் ரீசெட் பட்டனை அமுக்கிட்டுத்தான் கரண்டை அணைக்கணும். அமுக்காம அணைச்சீங்களோ, தொலைஞ்சது! அடுத்த தடவை ஒண்ணுமே நடக்காத மாதிரி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்.”

“நிச்சயமா?”

“என் தலைமேல சத்தியம். இதை வாங்கிட்டுப் போனவங்க திரும்பி வந்து என் ஏழு தலைமுறையையும் தோண்டியெடுத்துத் திட்டிட்டுப் போறாங்க.”

மியோத்ராக் மலிவானதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

வெலிபோர் பதறிப்போய் விலை கூடினதை எடுத்து நீட்டினான். “பெரியவரே, காசைப் பாக்காதீங்க! நல்லதையே இந்த விலைக்குத் தரேன். செத்துப்போன பிள்ளையோட ஆட்டத்தை இந்தக் குப்பையை நம்பியா ஒப்படைக்கிறது?”

பெரியவர் அவனை விசித்திரமாகப் பார்த்தார். “யாரு செத்தது? என் மகன் ராஸ்த்கோ வீட்லதான் இருக்கான்.”

வெலிபோர் அந்தக் கறுப்புச் சட்டையை மறுபடி பார்த்தான்.

“மோட்டார் சைக்கிள்லேர்ந்து விழுந்தான். அதுலேர்ந்து அவனுக்கு நேத்துன்னு ஒண்ணு கிடையாது, தம்பி. காலையில எழுந்து பாதியில நிக்கிற ஆட்டத்தைப் பாத்தா, எவனோ வீட்டுக்குள்ள புகுந்து ஆடியிருக்கான்னு மிரண்டு போறான். முந்தாநாள் கத்தியைத் தூக்கிட்டு ரூம் ரூமா தேடினான். எனக்கோ அந்தப் பெட்டியில எதைத் தொட்டா எது அழியும்னு ஒரு எழவும் தெரியல.”

கையிலிருந்த விலை கூடின கேட்ரிட்ஜை வெலிபோர் மெல்லக் கீழே வைத்தான். “அப்போ இத்தனை நாளா எப்படிச் சமாளிச்சீங்க?”

“அவன் தூங்கினதும் அவன் அம்மா அழிச்சு வெப்பா. அவளைத்தான் புதைச்சாச்சே.”