பாட்டு நிற்கக் கூடாது

நாளைய பிரிவுபசார விழாவில் ஓட்ட வேண்டிய ஸ்லைடு ஷோவுக்கு மூன்றாவது முறையாகப் பாட்டை மாற்றிக்கொண்டிருந்தார் ஸ்டோர்ஸ் கிளார்க். ஆபீஸில் இந்த வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

வந்து பத்து நாளே ஆன மேனேஜர் பின்னால் நின்று கேட்டார்.

“இதுவும் அழுது வடியுதே. வேற போடுங்க.”

“ரொம்பப் பிடிச்ச பாட்டு சார்.”

“யாருக்கு?”

“ரிட்டயர் ஆகிற ஆளுக்கு.”

“நல்லாத்தான் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. ஆனா இந்தப் படங்கள்ல அந்த ஆளு யாரு?”

“எதுலயும் இல்ல. முப்பது வருஷமா எல்லாரையும் படம் எடுத்ததே அந்த ஆளுதான் சார்.”

“ஓஹோ. சரி, பாட்டைக் கொஞ்சம் கலகலன்னு மாத்திடுங்க.”

கிளார்க் கண்ணைக் கசக்கிக்கொண்டு, துள்ளலான பாட்டு ஒன்றை இழுத்துப் படங்களுக்குக் கீழே போட்டார்.

“நாளைக்கு ஸ்பீக்கர் பக்கத்துலயே நில்லுங்க. பாட்டு பாதியில நின்னா மானம் போயிடும்.”

“நிக்க முடியாது சார்.”

“ஏன்?”

“அந்த நேரம் நான் மேடையில உட்காரணும். ரிட்டயர் ஆகிறதே நான்தான்.”

மேனேஜர் வாட்சைப் பார்த்தார்.

“அப்படியா... அப்போ ஆன் பண்ணிட்டு மேடை ஏறிடுங்க.”