எண்ணூறு மீட்டர் பனி

“தெரியுதுடா! இப்ப ஏன்டா தெரியுது?”

அக்கா போட்ட சத்தத்தில் மேசையே அதிர்ந்தது. கண்ணை மூடி மாட்டியிருந்த வி.ஆர். ஹெட்செட்டுக்குள் அவளுக்கு ஓடுதளமும் அதில் நின்ற வண்டியின் மஞ்சள் விளக்கும் மட்டும்தான் தெரிந்தன. பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி சிரிப்பது காதில் விழுந்தது.

“தெரியணும்னுதானேக்கா ரெண்டு மணி நேரமா மெனக்கெடறேன்?”

“தலை சுத்தாம இருக்கிற மாதிரி பண்ணித் தான்னுதான் கூப்பிட்டேன். இதைத் தெரிய வைன்னு யாருடா சொன்னது?”

ஹெட்செட்டைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். நெற்றியில் அதன் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது.

அவள் கணவர் சின்னச் சரக்கு விமானம் ஓட்டுபவர். விமானி அறையில் அவர் ஒருவர்தான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலை, பனிக்குள் தரையிறங்கும்போது ஓடுதளத்தில் நின்ற பராமரிப்பு வண்டியை இடித்துவிட்டார். வண்டிக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது.

அன்று எண்ணூறு மீட்டர் வரைக்கும் பார்வை இருந்தது, வண்டி மேலிருந்த மஞ்சள் விளக்கு கண்ணில் பட்டே ஆகவேண்டும் என்றது கம்பெனி. படவில்லை என்றார் கணவர். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. வேலை, லைசென்ஸ், இருபது வருஷத்து நல்ல பேர் எல்லாம் அந்த ஒரு விளக்கில்தான் இருந்தது.

கம்பெனி அறிக்கையைப் படித்த அன்றே அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பழைய ஹெட்செட் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினாள். கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் அதே ரக விமானம், அதே ஓடுதளம், அதே எண்ணூறு மீட்டர் பனி, அதே இடத்தில் மஞ்சள் விளக்கோடு வண்டி. நேற்று வரை எத்தனை தடவை இறங்கிப் பார்த்தாலும் வெறும் வெள்ளைதான். விசாரணைக் குழுவில் ஒவ்வொருத்தர் தலையிலும் இதை மாட்டிக் காட்டப்போகிறேன் என்று வக்கீலிடமும் சொல்லிவிட்டாள். இரண்டு நிமிஷத்தில் குமட்டிக்கொண்டு வருவது ஒன்றுதான் குறை. அதைச் சரிசெய்யத்தான் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டாள்.

“நீ பனியில கை வச்சிருக்கே.”

“சத்தியமா இல்ல. எண்ணூறுன்னா எண்ணூறுதான் இருக்கு, நீயே பாரு. நீ படத்தோட தரத்தைப் பாதியாக் குறைச்சு வச்சிருந்தே. லென்ஸ் ரெண்டும் முன்னாடி வச்சிருந்தவன் கண்ணுக்குத் தகுந்த இடைவெளியில இருந்துச்சு. அதனாலதான் உனக்குத் தலை சுத்துச்சு. ரெண்டையும் சரி பண்ணினேன், அவ்வளவுதான்.” கொஞ்சம் தயங்கினான். “நேத்து வரைக்கும் நீ பார்த்தது பனி இல்லக்கா. மங்கல்.”

“அப்ப பழையபடியே மாத்தி வை.”

“வைக்கிறேன். நாளைக்கு அங்க ஒருத்தன் வந்து பத்தே நிமிஷத்துல இதையே பண்ணுவான். அப்ப மூஞ்சியை எங்க கொண்டு போய் வச்சுக்குவே?”

“உனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. கல்யாணத்தன்னைக்கே சாப்பிடாமப் போனவன்தானே நீ?”

“அன்னைக்கு எனக்கு வயித்துவலிக்கா! பதினஞ்சு வருஷமா இதையே சொல்லிக் காட்டு. விளக்கு தெரிஞ்சதுலேருந்து வண்டி மேல போய் இடிக்கிற வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு செகண்ட் இருக்கு. இறங்காம விமானத்தை மறுபடி மேல தூக்கிட்டுப் போயிருக்கலாம்.”

“வாயை மூடுறியா?”

“நான் மூடிக்கிறேன். மாமாவை ஒரு தடவை மாட்டிப் பார்க்கச் சொல்லேன். வண்டி நின்ன இடத்தைக் குறிச்சுக் குடுத்தார், விமானம் ஓட்டுற கைப்பிடியை மேசையில திருகி மாட்டிக் குடுத்தார், இதை மட்டும் ஒரு நாள்கூடத் தலையில வைக்கலையே. வானத்துலயே குடியிருந்தவருக்கு இந்த டப்பாவுல தலை சுத்துதாம்!”

அவளுக்கு வந்த கோபத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. விறுவிறுவென்று பால்கனிக்குப் போனாள். கணவர் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, உள்ள வாங்க. இவன் வாயை அடைக்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

“வேண்டாம்மா.”

“என்ன வேண்டாம்? அங்க இருந்தது நீங்க ஒருத்தர்தான். ஊர்ல இருக்கிறவன் எல்லாம் பேசறான், நீங்க துணி மடிங்க!”

கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தாள். விழுந்த நாற்காலியை அவரே நிமிர்த்தி உட்கார்ந்தார். தம்பி ஹெட்செட்டை அவர் தலையில் மாட்டிப் பட்டையை இறுக்கி, லென்ஸை அவர் கண்ணுக்கு நேராக நகர்த்தினான்.

“எழுத்து தெளிவாத் தெரியுதா மாமா?”

“ம்.”

அவர் பார்ப்பது கம்ப்யூட்டர் திரையிலும் ஓடியது. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. அப்புறம் தூரத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி விட்டுவிட்டு மினுங்கியது. அது விளக்காயிற்று. விளக்குக்கு அடியில் வண்டி வந்தது. தம்பி வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான். கைப்பிடி மேலிருந்த அவர் கை அசையவே இல்லை.

திரை ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

“இப்ப சொல்லுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள் அவள். “அன்னைக்கு இப்படி இல்லவே இல்லைன்னு இவன்கிட்ட சொல்லுங்க!”

அவர் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, யாரோ பக்கத்தில் தூங்குவது போல மெதுவாகச் சொன்னார்:

“விலகிடுவான்னு நெனச்சேன்.”