பதினேழும் பதினெட்டும்

பதிவேட்டின் பதினேழாவது வரியில் சிவப்புக் கோடு இல்லை.

பத்து நாள் வராதவர் பெயரை அடித்துவிட்டு, காத்திருப்போரில் ஒருவருக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். நூலகப் படிப்பகத்தின் விதி அது. வாசலிலேயே ஒட்டியிருக்கிறது.

அவன் ஜனவரி இருபத்தொன்றோடு நின்றவன். இது ஜூலை.

ஆண்டின் முதல் வாரம் அவனும் மனைவியும் சேர்ந்துதான் இங்கே பெயர் கொடுத்தார்கள். இந்த வருடம் குரூப் டூ தேர்வு. இந்த வருடமே. மீதி இருப்பது பாதி வருடம். மறுபடி முதலிலிருந்து காத்திருக்கலாம் என்று வந்தான்.

ஆனால் பெயர் இருந்தது. பெயருக்கு நேரே சனிக்கிழமை வரை கையெழுத்து இருந்தது.

அவனுடையது போல.

அவன் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. இதில் எல்லா நாளும் புள்ளி இருந்தது.

பதினெட்டாவது வரி அவன் மனைவியுடையது. அதிலும் சனிக்கிழமை வரை. அவள் கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுப்பாள். யாராலும் என் மாதிரிப் போட முடியாது என்பாள்.

இதில் ஒரு கோடுதான்.

பின்னால் புரட்டினான். ஜூன். மே. ஏப்ரல்.

மார்ச் ஒன்பது.

அன்று பதினொரு மணிக்கு அவளை எரித்தார்கள்.

அன்று இருவரும் படிக்க வந்திருந்தார்கள்.

தலையை நிமிர்த்தாமல் கூடத்தைப் பார்த்தான். முப்பது பேர். எல்லோர் கையிலும் பேனா.

அவர்களுடைய இரண்டு நாற்காலிகளிலும் பைகள் இருந்தன. மேசையில் தூசி இல்லை. பதினேழுக்கு முன்னால் ஒரு புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. ஆள் இப்போதுதான் எழுந்து போனதுபோல.

அருகே போனான். புத்தகம் அவனுடையதல்ல.

யார்? எதற்கு?

“அத நகத்தாதீங்க ப்ரோ. எம்.எல்.ஏ. சீட்டு மாதிரி காப்பாத்தி வச்சிருக்கேன்.”

பத்தொன்பதாம் நாற்காலி பெனடிக்ட். ஜனவரியில் நான்கைந்து முறை சேர்ந்து டீ குடித்த பழக்கம். குரலைத் தாழ்த்திச் சிரித்தான்.

“அஞ்சு மாசமா உங்க ரெண்டு பேருக்கும் ப்ராக்ஸி போட்டு விரல் தேஞ்சு போச்சு. அண்ணி இங்க வாந்தி எடுத்தாங்கல்ல, அப்பவே கணக்குப் போட்டுட்டோம். வளைகாப்புக்குக்கூட ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா. அம்மா வீட்லயா இருக்காங்க?”

அந்த நாள் அவனுக்கு நினைவிருந்தது. அவர்களும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். ஆட்டோவில் பெயர்கூடத் தேடினார்கள்.

ஸ்கேனில் தெரிந்தது குழந்தை இல்லை.

பெனடிக்டின் முகத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். எதுவும் இல்லை. பதிலுக்காகச் சிரித்தபடி காத்திருந்தான், அவ்வளவுதான்.

அவன் பதிவேட்டுக்குத் திரும்பினான்.

பதினேழில் கையெழுத்திட்டான். புள்ளி வைக்கவில்லை.

பொறுப்பாளர் அம்மா ஜூனில் மாற்றலாகி வந்தவர். அவனை அவருக்குத் தெரியாது. எழுந்து வந்து பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். சனிக்கிழமைக் கையெழுத்தைப் பார்த்தார். ஈரம் காயாத இன்றையதைப் பார்த்தார்.

“இது அவர் கையெழுத்து இல்லையே தம்பி. நீங்க யாரு?”

பின்னால் பெனடிக்ட் பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

அவன் பதிவேட்டை மறுபடி தன் பக்கம் திருப்பினான். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனான். ஜனவரி வந்தது. இருபத்தொன்று வரை, புள்ளி இல்லாத கையெழுத்துகள்.

“சரி. இதுல உங்களோடது எது? காட்டுங்க.”

விரலை வைத்தான்.

அது ஒரு வரி கீழே, இரண்டு கோடுகளின் மேல் நின்றது.