பன்னிரண்டாம் அத்தியாயம்

கோமளவல்லியின் மறைந்த கணவர் எழுதிய கடைசி நாவலைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்த ஆய்வு மாணவி யாஸ்மின், தயங்கித் தயங்கித்தான் விஷயத்தைச் சொன்னாள். வாக்கியங்களின் நீளத்தையும் சொற்களையும் எண்ணிப் பார்த்ததில், பன்னிரண்டாம் அத்தியாயத்திலிருந்து எழுதியவர் வேறு ஆளாம்.

"மறைக்காமச் சொல்லுங்கம்மா. அது நீங்களா?"

கோமளவல்லி கையெழுத்துப் பிரதியைப் புரட்டினாள். பதினோராம் அத்தியாயத்தின் கடைசித் தாளில் பெரிய மைக்கறை. கடலில் குளிக்கப் போன மகன் கரையேறவில்லை என்று ஆள் ஓடிவந்தபோது, அவர் மூடாமல் போட்டுவிட்டு ஓடிய பேனாவிலிருந்து கசிந்தது அது. காரியம் முடிந்த மறுநாள் அதே பேனாவை எடுத்துத்தான் அவர் அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கினார்.

"இது சொல்றது சரிதாம்மா. வேற ஆளுதான்," என்றாள். பிறகு திரையருகே குனிந்து கேட்டாள்:

"அதுக்கு முன்னாடி எழுதினவரு எங்க போனாருன்னு இதுல தெரியுமா?"