விற்ற வீட்டின் கதவு

தேவசகாயம் விற்ற வீட்டை வாங்கியிருந்த முபீனா, ஆறு வருடங்கள் கழித்து ஒரு மத்தியானம் பதறிப்போய் அவரை போனில் அழைத்தாள்.

“சார், பாப்பா உள்ரூமைப் பூட்டிக்கிட்டா. திறக்கத் தெரியாம அழுவுறா. சாவியும் இல்ல.”

“எங்ககிட்டயும் இருந்ததில்லம்மா. பாப்பாவைத் தள்ளி நிக்கச் சொல்லு. கைப்பிடியைப் பிடிச்சு, கதவை மேல தூக்கினபடியே தோளால இடி.”

மகள் சிறுவயதில் அப்படி மாட்டிக்கொண்டபோது அவர் மனைவி ரெஜினா கண்டுபிடித்த வழி அது.

இரண்டாவது இடியில் கதவு திறந்தது. ரெஜினா உயிரோடிருந்தவரை, காலையில் காபியோடு அவரை எழுப்ப வரும்போது கேட்ட அதே நீண்ட கிறீச்சொலி போனில் வந்தது. பிறகு குழந்தையின் அழுகை, முபீனாவின் கொஞ்சல். அவர் போனை வைக்கவில்லை.

“சார், லைன்லயா இருக்கீங்க?”

“இருக்கேம்மா.” போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். “அந்தக் கதவை இன்னொரு தடவை சாத்தித் திறக்கிறியா?”